தோமிலா வீட்டுப் பன்றிக்கறி

தோமிலாவுக்கு இரண்டு முறை ஞானஸ்நானம் ஆகியிருந்தது. இரண்டு முறையும் அவளைக் கேட்டு நடக்கவில்லை.

முதல் தடவை அவள் இடுப்புக் குழந்தை. ஊமையர்களின் ராஜா அனுப்பிய ஆட்கள் லாபா ஆற்றைத் தாண்டி வந்து, மரக்கோட்டை ஒன்றைக் கட்டி, ஊர் ஜனத்தை மொத்தமாக ஏரியில் இறக்கி நனைத்து அனுப்பினார்கள். அவர்கள் தங்களைச் சாக்ஸன்கள் என்று சொல்லிக்கொண்டார்கள். நம் பேச்சு பேசத் தெரியாதவன் எவனானாலும் ஊருக்கு அவன் ஊமையன்தான். பிறகு ஒரு கோடையில் ஊர்கள் எல்லாம் ஒன்றாக எழுந்தன. கோட்டை எரிந்தது, ஊமையர்கள் கட்டிய கோயில் எரிந்தது, மூன்று தலைச் சாமி பழையபடி தன் மேட்டில் ஏறி நின்றது. தோமிலாவுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்த வருஷம் ஊமையர்கள் திரும்பி வந்தார்கள். திரும்பவும் ஏரி. இந்த முறை இலையெல்லாம் உதிர்ந்து முடிந்த பருவம், கரையோரம் கண்ணாடிச் சில்லுபோலப் பனி மிதந்தது. மார்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு அவள் கேட்டாள்: "போன தடவை ஊத்துன தண்ணி காஞ்சு போச்சுங்களா?" பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தவன் அதை மட்டும் மொழிபெயர்க்காமல் விட்டான்.

அந்தக் குளிர் உடம்பை விட்டுப் போவதற்குள் நேகோமிர் வீட்டுக்கு மருமகளாகப் போனாள். பெண் பார்க்க வந்த அன்றே அவளுடைய அப்பா எச்சரித்திருந்தார்: "நல்ல குடும்பம்தான். ஆனா அவங்க வீட்டுல பானை ஆறவே ஆறாது, பாத்துக்க." பானை ஆறாத வீடு என்றால் செழிப்பான வீடு என்று அவள் அப்போது நினைத்துக்கொண்டாள்.

அதன் அர்த்தம் வேறு. நேகோமிர் விருந்தாளிப் பைத்தியம். விருந்தாளியை மதிப்பது ஊரில் எல்லோருக்கும் உள்ள குணம்தான், மதிக்காமல் இருக்கவும் முடியாது. வாசலுக்கு வந்தவனைத் திருப்பி அனுப்பினால் ஊரே சேர்ந்து அந்த வீட்டுக்குத் தீ வைக்கலாம், கேட்க ஆளில்லை. தோமிலாவின் சிறு வயதில் ஸுலிஸ் என்பவன், மழையில் நனைந்து வந்த உப்பு வியாபாரியிடம் "இடமில்லை, அடுத்த வீட்டைப் பாரு" என்று சொல்லிவிட்டான். அன்றைக்கே கூரை எரிந்தது. எரித்தவர்களே மறுநாள் ஸுலிஸைக் குடும்பத்தோடு தங்கள் வீடுகளுக்குக் கூட்டிப்போய்ச் சோறு போட்டார்கள், இப்போது அவன் விருந்தாளி அல்லவா. இப்படிப்பட்ட ஊரிலேயே "கொஞ்சம் அதிகம்தான்" என்று பெயர் வாங்கியவன் நேகோமிர். இருப்பதைக் கொடுப்பதோடு அவனுக்குத் திருப்தி வராது. இல்லாததைக் கொடுக்க வேண்டும். இல்லாததை எங்கிருந்தாவது எடுத்து வர வேண்டும். விருந்துக்காக எடுத்தது திருட்டில் சேராது என்பது பழைய நியாயம், பறிகொடுத்தவனும் முகத்தைச் சுளித்துக்கொண்டு பந்தியில் வந்து உட்கார்ந்துவிடுவான்.

தோமிலாவின் வாழ்க்கை அந்த அடுப்புக்கு முன்னால் கழிந்தது. தினை குத்தினாள், கிழங்கு அரிந்தாள், மீன் உப்பிட்டாள். யார் யாரோ வந்தார்கள், சப்புக்கொட்டிக்கொண்டே சாப்பிட்டார்கள், வாயைத் துடைத்துக்கொண்டு "நேகோமிர் மாதிரி மனுஷன் உண்டா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பானைக்குப் பின்னால் ஒரு முகம் இருப்பதை அவர்கள் பார்த்ததாகத் தெரியவில்லை.

அந்த வருஷம் கோட்டைக்குப் புதுத் தலைவர் வந்தார். எப்போதும் ஜலதோஷம் பிடித்தவர். மூக்கைத் துடைத்துத் துடைத்து மேலுதடு சிவந்திருக்கும். ஞானஸ்நானம் ஆகியும் ஊர் மாறவில்லை என்பது அவருடைய எரிச்சல். தவக்காலம் தொடங்குவதற்கு முந்தின ஞாயிறு, சுவர் மட்டும் எழும்பிக் கூரை இன்னும் போடாத கோயிலில், ராஜாவின் உத்தரவாக அறிவிப்பு வந்தது: ஈஸ்டர் வரைக்கும் யாரும் கறி தொடக் கூடாது. தொட்டால், கறி கடித்த பல்லைப் பிடுங்குவோம். பிடுங்குவதற்கு ஊமையர்களின் கொல்லன் வர மாட்டான், ஊர்க் கொல்லன் கையாலேயே நடக்கும்.

ஊர்க் கொல்லன் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டான்.

ஊருக்கென்று வைத்திருந்த பாதிரியார் ஹெம்மோ அந்த அறிவிப்பின்போது தரையையே பார்த்தபடி நின்றார். இளைஞர், ஒல்லி, நெஞ்சு பலவீனம். கோயிலை ஒட்டிய குடிசையில் காற்று நேராக உள்ளே வரும். முந்தின பனிக்காலத்தில் இருமலில் அவர் விழுந்து கிடந்தபோது நேகோமிர்தான் அவரைத் தோளில் போட்டுத் தூக்கிவந்து தன் அடுப்போரம் படுக்க வைத்தான். கொழுப்பும் தேனும் காய்ச்சி ஊட்டியவள் தோமிலா. எழுந்து நடமாட ஆரம்பித்த பிறகு ஹெம்மோ நம் பேச்சில் தட்டுத் தடுமாறி நன்றி சொன்னார், அதையும் நேகோமிரைப் பார்த்தே சொன்னார்.

தவக்காலம் பாதி தாண்டியிருந்தது. பனி கரைந்து ஊரெல்லாம் சேறு. அன்று மதியம் வடக்கே சதுப்பு நிலத்துப் பக்கமிருந்து ஒருவன் வந்தான். முழங்கால் வரை சேறு, தோளில் நீர்நாய்த் தோல். தோமிலா கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். நேகோமிரின் சித்தப்பா மகன் ராதிம். ஊமையர் இன்னும் எட்டிப் பார்க்காத சீமையில் இருப்பவன், ஏரியில் நனையாதவன்.

"மதினி! இன்னும் உயிரோடதான் இருக்கியா?"

"நீ வர்றது தெரிஞ்சிருந்தா செத்திருப்பேன், கொழுந்தனாரே. உள்ள வா. காலைக் கழுவிட்டு வா."

அவன் சிரித்தான். நேகோமிர் உள்ளேயிருந்து ஓடி வந்து கட்டிக்கொண்டான். இரண்டு பேரும் கன்றுக்குட்டிகள்போல முட்டிக்கொண்டார்கள். விருந்தாளியைக் கண்டால் வரும் அந்த ஒளி நேகோமிரின் கண்களில் வந்துவிட்டது.

"அண்ணே, எனக்கு ஒண்ணும் வேண்டாம்" என்றான் ராதிம். "நடந்து வந்த களைப்பு. ரெண்டு வாய் கூழு இருந்தாப் போதும்."

இதைவிட ஆபத்தான வார்த்தை கிடையாது. ஒன்றும் வேண்டாம் என்று ஒரு விருந்தாளி சொல்லிவிட்டால், எல்லாம் செய்ய வேண்டும் என்று பொருள்.

நேகோமிர் அவளை மூலைக்கு இழுத்தான். "என்ன இருக்கு?"

"தினை இருக்கு. கிழங்கு இருக்கு. கருவாடு இருக்கு."

"ஏழு காட்டைத் தாண்டி வந்திருக்கான். கருவாடாடி போடுவ?"

"ஏன், அவன் வாய்க்குள்ள போகாதா?"

"மீன் விருந்தாகுமா? ஏரிக்கரையில பொறந்துட்டு மீனை விருந்துங்கிறியே, கேக்கறவன் சிரிப்பான்."

"கேக்கறவன் சிரிக்கட்டும். கோட்டையில சொன்னதைக் கேட்டியா இல்ல தூங்குனியா? பல்லுய்யா. பல்லைப் பிடுங்குவான்."

"பல்லு இன்னிக்கு இருக்கும், நாளைக்கு விழும். பேரு?"

"பேரை வச்சு ரொட்டி கடிப்பியா?"

நேகோமிர் போர்வையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான். பாசிபோல மூடுபனி இறங்கியிருந்த வெளிச்சத்துக்குள் நடந்து மறைந்தான். தோமிலா அடுப்பில் தினையை ஏற்றிவிட்டு, ராதிமுக்குப் புளித்த பாலைக் கொடுத்தாள். போனவன் வெறுங்கையோடு வரட்டும் என்று தனக்குத் தெரிந்த எல்லாச் சாமிகளையும் வேண்டிக்கொண்டாள், பழையது மூன்று தலை, புதியது மூன்று ஆள், யார் கேட்டாலும் சரி.

ஒருவரும் கேட்கவில்லை. நேகோமிர் திரும்பி வந்தபோது போர்வைக்குள் ஏதோ நெளிந்தது. மூக்கைச் சணல் கயிற்றால் கட்டிய பன்றிக்குட்டி. வெள்ளை உடம்பு, இடது காதுக்குப் பின்னால் கறுப்புத் திட்டு.

தோமிலா அந்தத் திட்டைப் பார்த்தாள். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த திட்டு அது. ஈஸ்டருக்கென்று கோட்டையிலிருந்து பாதிரியாருக்குக் கொடுத்த குட்டி. ஹெம்மோ தினமும் காலையில் தன் கஞ்சியில் பாதியை அதற்கு ஊற்றுவார், அதனோடு ஊமைப் பேச்சில் பேசுவார்.

"சாமியோட குட்டியா?" என்றாள். "ஊர்ல வேற பன்னியே இல்லையா?"

"அடுத்தவன் பன்னியை எடுத்தா அது திருட்டு" என்றான் நேகோமிர், குழந்தைக்குச் சொல்வதுபோல. "ஹெம்மோ நம்ம வீட்டுல படுத்து எந்திரிச்ச ஆளு. நம்மாளுகிட்ட எடுத்தா என்ன? அவரே இருந்திருந்தாலும் கொடுத்திருப்பாரு."

"இருந்தாரா?"

"இல்ல. அதான் கேக்க முடியல."

தோமிலா தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் அதற்குள் ராதிம் பார்த்துவிட்டான். பார்த்து, "ஐயையோ, எதுக்குண்ணே இதெல்லாம்" என்றான், நாக்கு உதட்டைச் சுற்றி ஒரு வலம் வந்தது. விருந்தாளி கண்ணில் பட்டதைத் திருப்பிக் கொண்டுபோய்க் கட்ட முடியாது. எதிர்வீட்டு ப்ரிபிஸ் ஏற்கெனவே தன் வாசலுக்கு வந்து வலை பின்னுவதுபோல உட்கார்ந்திருந்தான். அந்தத் தெருவில் யார் வீட்டு விருந்தில் என்ன குறை என்று சொல்லும் வேலையை யாரும் கொடுக்காமலே அவன் எடுத்துக்கொண்டிருந்தான்.

கறி வேகத் தொடங்கியது. வாசனை கூரை இடுக்கு வழியாக வெளியே போவதைத் தோமிலாவால் கண்ணால் பார்க்க முடிந்தது. கோட்டைச் சிப்பாய்கள் இரண்டு பேர் தவக்காலம் முழுக்க மூக்கை முன்னால் நீட்டிக்கொண்டு தெருத் தெருவாக நடந்தார்கள். அவள் யோசித்தாள். மூலையில் கிடந்த பழைய ஆட்டுத்தோலை எடுத்துத் தீயில் போட்டாள். மயிர் பொசுங்கி நாற்றம் கிளம்பியது. போதவில்லை. ஈர வைக்கோலையும் மீன் குடலையும் மேலே போட்டாள். கரும்புகை வீடு முழுக்கப் பொங்கி, கூரையைப் பிய்த்துக்கொண்டு வெளியே போனது. ராதிம் இருமினான். நேகோமிர் இருமிக்கொண்டே, "என்னடி பண்ற, விருந்தாளி கண்ணு எரியுது" என்றான்.

"உன் பல்லைக் காப்பாத்திட்டு இருக்கேன். வாயை மூடு."

கறி வாசனை ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை. புகையோ ஊருக்கே தெரிந்தது. வெளியே சேற்றில் யாரோ தடதடவென்று ஓடி வரும் சத்தம். கதவைத் தள்ளிக்கொண்டு, இரண்டு கையிலும் தண்ணீர் வாளியோடு ஹெம்மோ உள்ளே வந்து நின்றார்.

"தீ! தீ எங்கே?"

புகை கொஞ்சம் விலகியது. சட்டியில் கறி கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் மரத்தட்டில் தலை தனியாக இருந்தது, இடது காது மேலே தெரிய.

ஹெம்மோ வாளிகளை மெதுவாகக் கீழே வைத்தார்.

தோமிலா அவர் முகத்தைப் பார்த்தாள். முதலில் அவருக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. பிறகு அவர் அந்தக் காதைத் தவிர வீட்டிலிருந்த எல்லாவற்றையும் பார்க்க முயன்றார்.

நேகோமிருக்கோ வெட்கமில்லை, பயமில்லை. முகம் மலர்ந்துவிட்டது. "வாங்க சாமி, வாங்க! உங்களைக் கூப்பிட ஆளனுப்பலாம்னு இருந்தேன். நீங்களே வந்துட்டீங்க. உக்காருங்க. இது என் தம்பி."

வாசலைத் தாண்டி வந்தவர் விருந்தாளி. இப்போது இரண்டு விருந்தாளி, ஒரு சட்டி. ஒரே அடுப்பில் ஒருவனுக்கு ஒன்றும் மற்றவனுக்கு வேறொன்றும் வைக்கும் வழக்கம் கிடையாது. ஒருவர் கையை எடுத்தால் அடுத்தவரும் கையை எடுக்க வேண்டும். கதவு திறந்தே கிடந்தது. தெருவுக்கு அந்தப் பக்கம் ப்ரிபிஸ் வலையை மடியில் போட்டுவிட்டு எட்டிப் பார்த்தான்.

ராதிம் இடத்தை விட்டுக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தான். "எங்க சீமையில ஒரு பேச்சு இருக்கு சாமி. புதுச் சாமியோட ஆளுங்க எங்களை மாதிரி ஜனங்களோட ஒரே சட்டியில கை வைக்க மாட்டாங்களாம். நெசமான்னு பாத்துட்டு வரச் சொன்னாங்க."

"எனக்கு... இது தவக்காலம்" என்றார் ஹெம்மோ. "நான் தின்ன முடியாது. அதுவும் இந்த..." நிறுத்தினார்.

"அப்ப நெசம்தான்" என்றான் ராதிம். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. எழுந்து தன் நீர்நாய்த் தோலைத் தேடினான்.

நேகோமிரின் முகம் சாம்பலாகிவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து தோமிலா அந்த முகத்தில் அப்படியொரு கலக்கத்தைப் பார்த்ததில்லை. பல்லைப் பிடுங்குவேன் என்றபோது வராத பயம், விருந்தாளி எழுந்ததும் வந்தது. அந்த முகத்தைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பரிதாபமும் எரிச்சலும் ஒன்றாக வந்தன, எரிச்சல்தான் முதலில் வாய்க்கு வந்தது.

சட்டியை இறக்கி வைத்துவிட்டு, கரண்டியோடு ஹெம்மோவின் முன்னால் வந்து நின்றாள்.

"சாமி, நீங்க தின்னா உங்க சாமிக்குக் கோவம். தின்னலைன்னா எங்க ஊருக்குக் கோவம். உங்க சாமி மன்னிப்பாருன்னு நீங்கதான் வாராவாரம் சொல்றீங்க. எங்க ஊரு மன்னிக்கும்னு நான் ஒரு நாளும் சொன்னதில்ல. எந்தக் கோவம் என் கூரையில தீ வைக்கும்னு மட்டும் பாத்துக்குங்க. தீ வச்சா அணைக்க வாளி கொண்டு வந்திருக்கீங்க, அது வரைக்கும் சந்தோஷம்."

ஹெம்மோ அவளைப் பார்த்தார். இத்தனை நாளில் முதல் முறையாக அவளைப் பார்த்துப் பேசுபவர்போல உதட்டை அசைத்தார். கீழே உட்கார்ந்தார். கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். கையைச் சட்டிக்குள் விட்டு, கிடைத்த துண்டை எடுத்து வாயில் வைத்தார். கண்ணீர் வழிந்தது. புகையாலும் இருக்கலாம். மென்றார். விழுங்கினார்.

ராதிம் தோலைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்தான். நேகோமிருக்கு உயிர் திரும்பி வந்தது. தெருவில் ப்ரிபிஸ் வலையை எடுத்துக்கொண்டான்.

சற்று நேரம் கழித்து ஹெம்மோவின் கை இன்னொரு முறை சட்டிக்குள் போனதைத் தோமிலா பார்த்தாள். அவர் தவக்காலம் முழுக்க வெறும் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவர். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

விஷயம் அதோடு முடிந்திருக்கலாம். ராதிம் வயிறு நிறைந்து ஊர் போய்ச் சேர்ந்தான். எலும்புகளைத் தோமிலா ஏரியில் போட்டாள். தன் குட்டி எங்கே என்று ஹெம்மோ யாரையும் கேட்கவில்லை, கேட்டவர்களிடம் அது போய்விட்டது என்றார்.

ஞாயிறு வந்தது. கூரையில்லாத கோயிலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். கோட்டைத் தலைவர் முன்னால் முக்காலியில் மூக்கைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பூசைக்கு நடுவில் ஹெம்மோ திரும்பி ஜனத்தைப் பார்த்து நின்றார். முகம் தூக்கமில்லாமல் வீங்கியிருந்தது.

"நான் ஒரு பாவம் செய்தேன்" என்றார், முதலில் அவர்கள் பேச்சில், பிறகு நம் பேச்சில். "தவக்காலத்தில் கறி தின்றேன். ஒரு வீட்டில், விருந்தாளியாக. நான் தின்னாமல் இருந்திருக்கலாம். தின்றேன். இரண்டு துண்டு."

தோமிலாவுக்கு மேலாடையின் முடிச்சைக் கடித்துத் துப்ப வேண்டும்போல இருந்தது. இந்த மனுஷனுக்கு ஆற்றங்கரை மரத்திடம் போய்ச் சொல்லிவிட்டு வரத் தெரியாதா. கோட்டைத் தலைவர் முக்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"எந்த வீட்டில்?"

"அதைச் சொல்ல மாட்டேன். பாவம் என்னுடையது."

"யார் கொடுத்தது?"

ஹெம்மோ மாட்டேன் என்று தலையை ஆட்டினார். கோட்டைத் தலைவர் பாதிரியாரைத் தொட முடியாது, பாதிரியார்கள் ஆயருக்கு உட்பட்டவர்கள். தும்மினார், சபித்தார், மறுபடி உட்காரப் போனார். தோமிலா மூச்சு விட்டாள்.

அவள் விட்ட மூச்சு முடிவதற்குள் ஆண்கள் பக்கத்தில் ஒரு தலை எழுந்தது.

நேகோமிர். அவன் முகம் சிவந்திருந்தது. பயத்தால் இல்லை, அவளுக்குத் தெரியும். அவமானத்தால். தன் வீட்டில் சாப்பிட்டவர் நாலு பேர் நடுவில் அந்தச் சாப்பாட்டைப் பற்றிப் பேசுகிறார், வீட்டுக்காரன் பேரைச் சொல்லாமல் விடுகிறார். அப்படியென்றால் அந்தச் சாப்பாட்டில் என்ன குறை?

தோமிலா நடுவழியைத் தாண்டி ஓடி அவன் போர்வையைப் பிடித்து இழுத்தாள். "உக்காரு. உக்காருய்யா. உன் கால்ல விழறேன்."

"எங்க வீட்டுலதான்!" என்றான் நேகோமிர், கோயில் முழுக்கக் கேட்க. "நேகோமிர் வீட்டுல! நல்ல இளங்குட்டி. பூண்டு போட்டு, தேன் விட்டு. என் தம்பியும் சாப்பிட்டான். வேணும்னா அவனைக் கேளுங்க, குறை இருந்துச்சான்னு!"

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. அதில் பாதி மெச்சுதல். ப்ரிபிஸ் பக்கத்திலிருந்தவனிடம், "கறி நல்லாத்தான் இருந்திருக்கும், நான் புகையைப் பாத்தேன்" என்றான்.

ஏரிக்கரையில் கொல்லன் உலை இருந்தது. எல்லோரும் அங்கே நடந்தார்கள், திருவிழாவுக்குப் போவதுபோல. ஹெம்மோ கோட்டைத் தலைவருக்கு முன்னால் பின்னோக்கி நடந்துகொண்டே கெஞ்சினார். குட்டி தன்னுடையது, தானே கொடுத்ததாக வைத்துக்கொள்ளுங்கள், திருட்டு வேண்டாம். அது சரி என்றார் தலைவர். பல்லும் என்னுடையதைப் பிடுங்குங்கள் என்றார் ஹெம்மோ. அது முடியாது என்றார் தலைவர். ராஜாவின் உத்தரவு பல்லைப் பற்றித் தெளிவாக இருந்தது, பாதிரியார் பல்லைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

கொல்லன் குறடைத் தண்ணீரில் முக்கி எடுத்தான். அவன் நேகோமிர் வீட்டில் எத்தனையோ தடவை சாப்பிட்டவன். நிமிர்ந்து பார்க்காமல், "வாயைத் திற அண்ணே" என்றான்.

"பொறு" என்றாள் தோமிலா. கோட்டைத் தலைவரின் முன்னால் போய் நின்றாள். இனி பல்லைக் காப்பாற்ற முடியாது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. எந்தப் பல் என்பதில்தான் இன்னும் பேச இடமிருந்தது. "ஐயா, சமைச்சது நான்."

"நீ தின்றாயா?"

"எனக்கு எங்கங்கய்யா மிச்சம் வச்சாங்க?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மொழிபெயர்த்தவனும் சிரித்தான்.

"அப்ப இதையாவது கேளுங்க. முன்பல்லு வேண்டாம். இந்த மனுஷனுக்குக் கடைவாயில இடது பக்கம் ஒண்ணு ஆடிக்கிட்டிருக்கு. நல்ல பெரிய பல்லு. கறியெல்லாம் அதுலதான் மெல்லுவாரு, நான் பாத்திருக்கேன். அதை எடுத்துக்குங்க, பக்கத்துல இருக்கறதையும் சேத்து எடுத்துக்குங்க. ரெண்டாச்சு. முன்பல்லு போனா ரொட்டி கடிக்க முடியாது, வாழ்நாள் முழுக்க நான் நறுக்கிக் கொடுக்கணும். தப்பு பண்ணவரு அவரு, தண்டனை எனக்கா?"

தலைவர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். யோசிப்பதுபோலத்தான் இருந்தது. பிறகு மூக்கைத் துடைத்தார். "கடைவாய்ப் பல் போனது யாருக்குத் தெரியும்? முன்பல்தான். ஊர் பார்க்க வேண்டும்."

சிப்பாய் ஒருவன், கழுத்துத் தடித்தவன், நேகோமிரின் தலையைப் பின்னாலிருந்து தன் மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான். மேல் வரிசையில் இரண்டு. கொல்லன் அழுதுகொண்டே செய்தான். தோமிலா கடைசிவரை பார்த்தாள். நேகோமிர் கத்தவில்லை. எல்லாம் முடிந்ததும் ரத்தத்தைத் துப்பிவிட்டு ஏதோ சொன்னான். வார்த்தை குழறியது, அவளுக்கு மட்டும் புரிந்தது. அழுதுகொண்டிருந்த கொல்லனை வீட்டுக்கு வரச் சொல்கிறான், பசியோடு இருப்பான் என்று.

அன்று சாயங்காலத்திலிருந்து அவள் வாழ்க்கை அவள் பயந்தபடியே ஆகாமல், அதைவிட மோசமாக ஆனது. விருந்தாளிக்காகப் பல்லைக் கொடுத்தவன் என்ற பேச்சு லாபாவின் இந்தக் கரையிலும் அந்தக் கரையிலும் பரவியது. நனைந்தவர்கள், நனையாதவர்கள், உப்பு வியாபாரிகள், குதிரைத் தரகர்கள், வழி தவறியவர்கள், வழி தவறாதவர்கள்கூட நேகோமிரின் வாயைப் பார்க்க வந்தார்கள். அவன் மேலுதட்டைத் தூக்கிக் காட்டுவான். பார்த்தவர்கள் அப்படியே திரும்பிப் போய்விட முடியுமா? உட்கார வேண்டும், சாப்பிட வேண்டும். அவர்களுக்கும் சமைத்து, அவனுக்கு ரொட்டியை ஊறவைத்து நறுக்கிக் கொடுத்து, தோமிலா அந்த வீட்டில் இன்னும் நெடுங்காலம் வாழ்ந்தாள். ஹெம்மோ மட்டும் அடுத்தடுத்த வருஷங்களில் வரும்போது நேராக அவளிடம் போய், இன்றைக்குத் தண்ணீர் எடுத்து வரவா, கிழங்கு அரியவா என்று கேட்பார். நன்றாக அரியத் தெரியாது. அவள் கத்தியைப் பிடுங்கிக்கொள்வாள்.

ஆனால் அந்த முதல் சாயங்காலம் அவளுக்கு இதெல்லாம் தெரியாது. கனமான தூறல் விழுந்துகொண்டிருந்தது. நேகோமிர் வாயில் துணியைத் திணித்துக்கொண்டு அடுப்போரம் சுருண்டிருந்தான். வீடு கொள்ளாமல் ஜனம். துக்கம் விசாரிக்க வந்தவர்களா, கொண்டாட வந்தவர்களா என்று அவர்களுக்கே தெளிவில்லை. ப்ரிபிஸ் முதல் வரிசையில். கொல்லன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். ஹெம்மோ வெளியே மழையில் நின்றார்.

"வெளிய நின்னா அதுக்கும் ஒரு பேச்சு வரும்" என்று தோமிலா கத்தினாள். "உள்ள வாங்க சாமி. கிழங்குதான். உங்களுக்கு ஏத்த சாப்பாடுதான்."

அவர் உள்ளே வந்தார். அவருக்குப் பின்னால் கதவில் இன்னொரு நிழல் தயங்கியது. கழுத்துத் தடித்த சிப்பாய். கோட்டைக்குத் திரும்பும் வழியில் குதிரை சேற்றில் காலை மடக்கிக்கொண்டதாம், மழை விடும்வரை ஒதுங்க வேண்டுமாம், ஹெம்மோ கேட்டுச் சொன்னார். ஊரில் அவனுக்குத் தெரிந்த வீடு இது ஒன்றுதான். அவன் மார்புச் சட்டையில் நேகோமிரின் ரத்தம் இன்னும் காயவில்லை.

நேகோமிர் எழுந்தான். துணியை வாயிலிருந்து எடுக்காமல், அடுப்புக்குப் பக்கத்திலிருந்த தன் இடத்தைக் கையால் தட்டித் துடைத்து, சிப்பாயைப் பார்த்துக் காட்டினான். பிறகு தோமிலாவைப் பார்த்தான். அந்த ஒளி, வீங்கிய முகத்தில், திரும்ப வந்திருந்தது.

தோமிலா கரண்டியோடு நின்றாள். சிப்பாயைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், சட்டிக்குள் பார்த்தாள். அடியில் கொஞ்சம்தான் இருந்தது.

"காலைத் துடைச்சுட்டு உக்காரு" என்றாள் சிப்பாயிடம். "தலையைப் புடிக்கறதுக்கு முன்னாடி கையாவது கழுவியிருந்தியா?"

அவனுக்கு அவள் பேச்சு புரியவில்லை. தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தான். அவள் அவன் முன்னால் கிண்ணத்தை டொக்கென்று வைத்தாள், சட்டியைக் கவிழ்த்து அடிக்கிழங்கு வரை வழித்து அதில் போட்டாள், உப்பையும் நகர்த்தி வைத்தாள். பிறகு கத்தியை எடுத்துக்கொண்டு, கூடையிலிருந்த கிழங்கை மறுபடி முதலிலிருந்து அரிய உட்கார்ந்தாள்.